கரடி போட்ட கோடு

குறிஞ்சிமலைக் காட்டில் தொப்பையன் என்றொரு கரடி தேன் வியாபாரம் செய்துவந்தது. பாறைத் தேனடைகளுக்குக் கீழே பச்சைத் தழையைக் கொளுத்திப் புகை போடும். தேனீக்கள் பறந்ததும் தேனை மூங்கில் குழாய்களில் பிடிக்கும். அந்தத் தேனை ருசிக்காத நாக்கே காட்டில் கிடையாது.

அந்த வருஷம் காட்டில் புகை தாங்கவில்லை. கிழங்கு சுடும் பன்றி, பானை சுடும் குரங்கு என்று ஆளாளுக்குக் கொளுத்தியதில், காட்டின்மேல் மூடி போட்டதுபோல் புகை தங்கிவிட்டது. வெக்கை ஏறியது. குளம் வற்றி, மீன்கள் சேற்றில் வாயைப் பிளந்து கிடந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது.

காட்டுக்குத் தலைவியான யானையம்மா எல்லோரையும் அழைத்தாள்.

"அமாவாசை அன்னிக்குக் காலையில அவங்கவங்க புகைக் கணக்கைக் குளக்கரையில வந்து சொல்லணும். யாருது அதிகமோ அவங்க பாதி நெருப்பை அணைக்கணும்."

தொப்பையன் கணக்குப் போட்டுப் பார்த்தது. பாதி நெருப்பு போனால் பாதித் தேனும் போகுமே! உடனே ஓணானிடம் ஓடியது. கணக்குகளைச் சரிபார்த்துத் தலையாட்டுவதுதான் ஓணானின் உத்தியோகம். மேலும் கீழுமாகத் தவிர வேறு மாதிரி அதற்கு ஆட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் நம்ம புகை கூடியிருக்கேப்பா," என்றது கரடி.

"போன வருஷத்தை ஏன் பாக்கறீங்க? காட்டுத்தீ வந்த வருஷத்தோட ஒப்பிடுங்கண்ணே. ரொம்பக் குறைஞ்ச மாதிரி தெரியும்."

"கேக்கறவங்க எல்லாம் அந்தத் தீயில வாலைக் கருக்கிக்கிட்டவங்கப்பா. அடிக்க வருவாங்க."

"அப்ப குகையைச் சுத்தி ஒரு கோடு போடுங்க. கோட்டுக்குள்ள வர்ற புகைதான் உங்களுது. பாறை வேலையை முள்ளம்பன்றிங்க கையில குடுத்துடுங்க. அங்க வர்றது அவங்க புகை."

கரடிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. குச்சியை எடுத்துக் குகையைச் சுற்றிக் கோடு கிழித்தது. மறுநாளிலிருந்து முள்ளம்பன்றிகள், கரடி காட்டிய பாறையில், கரடி கொடுத்த தழையைக் கொளுத்தி, கரடியின் குழாய்களில் தேன் பிடித்தன. புகை என்னவோ முன்னைவிட அதிகம். கூலி, ஆளுக்குக் கொஞ்சம் கிழங்கு.

அமாவாசையன்று பன்றியும் குரங்கும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொல்லின. தொப்பையன் நெஞ்சை நிமிர்த்தியது.

"என் குகையில புகையே கிடையாதும்மா. சந்தேகம்னா ஓணானைக் கேளுங்க."

ஓணான் தலையாட்டியது. எல்லார் கண்ணும் முள்ளம்பன்றிகள்மேல் திரும்பியது.

"நாங்க பாறையில கூலிக்குக் கொளுத்தறவங்கம்மா," என்றது மூத்த முள்ளம்பன்றி. "அணைக்கச் சொன்னா எங்க குட்டிங்க பட்டினிதான்."

யானையம்மா கரடியைப் பார்த்தாள். "பாறை உன் கோட்டுக்குள்ள இல்லையா?"

"சத்தியமா இல்லைம்மா."

"அங்க நடக்கிறதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை?"

"துளிகூட இல்லை."

"சரி, உன் கோட்டை நான் ஒத்துக்கறேன்," என்றாள் யானையம்மா. "முள்ளம்பன்றிங்களா, பாறையில எடுத்த தேன் முழுக்க உங்களுது. தூக்கிட்டுப் போங்க."

கரடி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு குகைக்கு ஓடி, பழைய கோட்டைக் காலால் அழித்து, பாறையையும் வளைத்துப் புதுக் கோடு இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

"பாறை என்னுதும்மா! தேன் என்னுது!"

"அப்ப புகை?"

கரடி ஓணானைப் பார்த்தது. குளத்தைப் பார்த்தது. வேறு வழியில்லை.

"அதுவும் என்னுதுதான்," என்றது சின்னக் குரலில்.

"அப்படின்னா இந்தக் காட்டுலயே உன்னுதுதான் அதிகம், தொப்பையா. பாதியை அணை. முள்ளம்பன்றிங்க கூலியில கை வைக்காதே."

ஓணான் அதற்கும் தலையாட்டியது. தொப்பையன் வியர்க்க வியர்க்கத் தன் நெருப்புகளைத் தானே மிதித்து அணைத்தது.

லாபத்தை எதுவரை நம்முடையது என்கிறோமோ, அதுவரை அதனால் விளையும் கேட்டையும் நம் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.