நேராக நின்ற மஞ்சள் கோடு

இந்தக் கதையில் மூன்று பேர். மூவரில் ஒருவர் நான். எவர் என்று இப்போதே சொல்ல வாய் வரவில்லை. கதை முடிவதற்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கிறேன். விடை கண்டுபிடிக்கத் தேவையான எதையும் ஒளிக்க மாட்டேன். ஒளித்த வரைக்கும் போதும்.

கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு மட்டும் வேலை பார்க்கிற ஒரு பட்டறை. அங்கே தலைமை மெக்கானிக் ஆரோக்கியம். ஒரு ஸ்க்ரூவை முடுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயிண்டால் மெல்லிய கோடு ஒன்று இழுப்பார். ஸ்க்ரூ அசைந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். நேராக இருந்தால் அது ஆரோக்கியத்தின் வாக்கு. பிறகு யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. “என்ற கோட்டுல எவனாச்சும் கை வெச்சா நாளைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன், பாத்துக்குங்க” என்பார். வெறும் சவடால் இல்லை. ஒரு தடவை பத்து நாள் வராமலே இருந்திருக்கிறார்.

அடுத்தது மதுவந்தி. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதைக் கம்ப்யூட்டரில் அமைப்பது அவள் வேலை. அதற்கு மேல் அந்தக் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. மூன்றாமவர் செந்தூரன். கார் அவருடையது, ஓட்டுகிறவரும் அவரே.

சாதாரண இன்ஜின் த்ராட்டில் என்கிற ஒரே காற்றுக் குழாய் வழியாக மூச்சு விடும். செந்தூரனோ நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் வேண்டும் என்றார். ஒவ்வொன்றின் தொண்டைக்குள்ளும் ஒரு வட்டத் தகடு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து நான்கும் ஒன்றாகத் திறக்கும். தகட்டுக்கு இரண்டு பொடி ஸ்க்ரூ, ஆக மொத்தம் எட்டு. கழன்றால் நேரே இன்ஜினுக்குள்தான் போகும். அதனால் நீலப் பசை தடவி முடுக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். பசையும் மஞ்சள் பெயிண்டும் ஆரோக்கியத்தின் பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி அவர் இடுப்பில்.

வியாழன் மாலை எட்டு ஸ்க்ரூவிலும் கோடு விழுந்தது. வெள்ளி காலை, பசை காயட்டும் என்று காரை நகர்த்தாமல் இன்ஜினை மட்டும் ஓட விட்டால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் உறுமல் அடங்கவில்லை.

“மூணாவது தகடு உரசுதுங்ணா, ஒருக்கா கழட்டிப் பாக்கலாங்களா?” என்றாள் மதுவந்தி.

“நான் மாட்டுன தகடு உரசாது அம்மிணி. உன்ற பொட்டியத் தட்டிப் பாரு.”

பட்டறையே சிரித்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது. ஆரோக்கியம் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிப் போனார்.

மாலை நாலு மணிக்கு அவர் திரும்பியபோது இன்ஜின் அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. “கம்ப்யூட்டர்லயே சரி பண்ணிட்டனுங்ணா” என்றாள். “நாந்தான் சொன்னனில்ல” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நிச்சயதார்த்த வீட்டு லட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

ஞாயிறு பந்தயத்தில் செந்தூரன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். ஆறாவது சுற்றில் இன்ஜினுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. முதல் கார் கண்ணெதிரே இருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை. அடுத்த சுற்றில் புகையோடு நின்றது.

திங்களன்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது தகட்டில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். அது உள்ளே விழுந்து பிஸ்டனைக் குதறியிருந்தது. அதன் ஜோடி ஸ்க்ரூ இடத்திலேயே இருந்தது, மஞ்சள் கோடு நேராக. ஆனால் கழற்றினால் மரையில் நீலம் ஒரு துளி இல்லை.

“சத்தம் கேட்டும் நிறுத்துலைங்க. என்ற தப்பு” என்றார் செந்தூரன்.

“வேக வரம்பக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருந்தேன். அதிர்வுல கழண்டிருக்கும். என் தப்பு” என்றாள் மதுவந்தி.

ஆரோக்கியம் அந்தச் சின்ன ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “கோடு நேரா நின்னுச்சு. அப்ப யாரும் தொடுல. பசை வெக்காமயே வெச்சேன்னு நெனச்சுக் கோட்டப் போட்டிருக்கறேன். என்ற தப்புங்க” என்றார். முப்பது வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெட்டிச் சாவியை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார்.

மூன்று பேரும் தங்கள் தவறு என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒருவர், பெரிய தவறை மூடுவதற்காகச் சின்னத் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டார். அவர் யார்?

விடை: மதுவந்தி. உரசுகிற தகட்டைக் கம்ப்யூட்டரால் நகர்த்த முடியாது; இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிக் கையால்தான் நகர்த்த வேண்டும். காயாத பசையைத் துடைத்தாயிற்று. புதிதாகத் தடவப் பசை பூட்டிய பெட்டிக்குள். கழற்றியதுகூடத் தவறில்லை, தகடு உரசத்தான் செய்தது. திரும்ப முடுக்கும்போது, கோடு துளியும் விலகாமல் சேரும்வரை குனிந்து பார்த்துப் பார்த்துத் திருப்பியதுதான் தவறு. ஆரோக்கியம் வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன், வாயில் பொய்தான் வந்தது; திருத்திச் சொல்வதற்குள் லட்டைக் கையில் வைத்துவிட்டார். ஆம், நான்தான். மற்ற இருவருக்கும் மரியாதை கொடுத்துச் சொன்ன எனக்கு, அவளை ‘அவள்’ என்று சொல்லத்தான் மனம் வந்தது. ஆரோக்கியம் அண்ணன் இப்போது மஞ்சள் பெயிண்டைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றையும் முடுக்கிவிட்டு, “எனக்கு மறதி வந்துருச்சு அம்மிணி, ஒருக்கா நீ பாத்துச் சொல்லு” என்று என்னிடம்தான் வருகிறார். நானும் குனிந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.