கண்ணாடி வளையல் போட்ட கை

முன்னொரு காலத்தில் நெடும்பாறை நாட்டைக் குலசிங்கன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் கோபம் முந்திக்கொண்டு வரும், யோசனை ஆடி அசைந்து பின்னால் வரும். நடுவில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்.

ஒரு சமயம் அரசி சிந்தாதேவிக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அரண்மனை வைத்தியர் அமிர்தகடேசர் வந்தார். அந்தப்புர வழக்கப்படி அரசி திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டினாள். அரசி வெளியாரிடம் பேசக்கூடாதென்பதால் தாதிதான் பதில் சொன்னாள். வைத்தியர் நாடியைப் பிடித்தார், கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார். பிறகு சபைக்கு வந்து கூலி கேட்டார். பெரிய ஏரியும் அதன் பாசனத்து ஊர்களும் தமக்கு வேண்டுமென்றார்.

"பட்டயம் எழுதுங்கள்" என்றான் அரசன்.

அமைச்சர் திருவேகம்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏரி இவர் கைக்குப் போனால் நாளை தண்ணீருக்கும் இப்படித்தான் விலை சொல்வார், அத்தனை ஊரும் காய்ந்துபோகும். வேறு வைத்தியர்களிடமும் விசாரித்துப் பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னார்.

"என் மனைவியின் உயிருக்குக் கத்தரிக்காய் பேரமா?" என்று எழுந்துவிட்டான் அரசன்.

அமைச்சரைக் கண்டாலே அமிர்தகடேசருக்கு ஆகாது. இதுதான் சமயமென்று, பொழுது சாய்வதற்குள் மருந்து உள்ளே போகாவிட்டால் தம்மைக் கேட்கக்கூடாது என்று கையை விரித்தார்.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். "பொழுது சாயும்வரை அலைந்து பாரும். வெறுங்கையோடு வந்தால் பட்டயத்தில் முத்திரை வைத்த கையோடு உம் தலையையும் வாங்கிவிடுவேன்."

திருவேகம்பர் வெயிலில் ஓடினார். முதல் வைத்தியர் விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அமிர்தகடேசரைவிடக் குறைத்து விலை சொல்லிவிட்டு ஊரில் பிழைக்க முடியாதாம். அடுத்தவரிடம் அமைச்சர் அரண்மனைப் பேச்சையே எடுக்கவில்லை, தமக்குத்தான் முறைக்காய்ச்சல் என்றார். வைத்தியரின் விரல் நாடியில் இருந்தது, கண் அமைச்சரின் மோதிரத்தில் இருந்தது. கறவை மாடு ஒன்று கேட்டார். மூன்றாவது வீட்டுக்குள் நுழையுமுன் திருவேகம்பர் மோதிரத்தைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். அதே கஷாயத்துக்கு இவர் ஒரு கூடை வெள்ளரிக்காய் போதுமென்றார்.

அமைச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் வெள்ளரிக்காய்க் கஷாயத்தை அரசன் நம்புவானா? அமிர்தகடேசரின் வாயாலேயே விலை இறங்கவேண்டும். பிற்பகலில் அவர் வீட்டில் ஊராருக்கும் வைத்தியம் பார்ப்பார், பெண்கள் அங்கேயும் திரைக்குள்ளிருந்துதான் கை நீட்டுவார்கள்.

அந்தப்புர வாசலில் நின்று திருவேகம்பர் தம் யோசனையைச் சொன்னார். காய்ச்சல்காரியை வெயிலில் இழுப்பதா என்று தாதி பொரிந்து தள்ளினாள். உள்ளேயிருந்து அரசியே பேசினாள்.

"நான் அந்த ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அடியே, உன் சேலையையும் கண்ணாடி வளையலையும் கொடு."

வைத்தியர் வீட்டு வாசல் கூட்டத்தில் முண்டாசை முகத்துக்கு இறக்கிக்கொண்டு நின்றார் திருவேகம்பர். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரைக்கு வெளியே அரசியின் கை வந்தது. அது நடுங்குவது வாசல்வரை தெரிந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று அவர் ஓரடி முன்னே வைத்தார்.

அப்போது பின்கழுத்தில் சில்லென்று வாள் பட்டது. அரசியின் கட்டில் காலியாகக் கிடந்ததைக் கண்டு, தாதியை மிரட்டிக் கேட்டுக்கொண்டு அரசனே வந்திருந்தான்.

"அரசே, உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்" என்றார் திருவேகம்பர்.

உள்ளே அமிர்தகடேசர் நாடியை விட்டார். "முறைக்காய்ச்சல். கஷாயம் தருகிறேன், ஒரு மரக்கால் நெல் கொடு."

"அரை மரக்கால்தான் இருக்கு சாமி" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல். அரசியின் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லையே.

"சரி, தொலை."

"விலை கொறைஞ்சா மருந்தும் கொறையுமோ? அரண்மனையிலே ஒசந்த மருந்து குடுக்கிறீங்களாமே?"

வைத்தியர் சிரித்தார். "காய்ச்சலுக்கு அரண்மனை எது, குடிசை எது? இதற்குமேல் மருந்து உலகத்தில் இல்லை. அங்கே தங்கக் கிண்ணத்தில் ஊற்றுவேன், அவ்வளவுதான்."

வாள் கழுத்திலிருந்து மெல்ல இறங்கியது.

அரசி கஷாயத்தை முழுக்கக் குடித்தாள். மடியிலிருந்த நவரத்தினக் கங்கணத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள்.

"வைத்தியரே, இந்தக் கைக்கு என்ன கூலி?"

அமிர்தகடேசர் கங்கணத்தைப் பார்த்தார். நிமிர்ந்தால் வாசலில் அரசன்.

காய்ச்சல் மெல்ல இறங்கி, அரசி தேறி எழுந்தாள். பேசியபடியே வைத்தியருக்கு அரை மரக்கால் நெல் அளக்கப்பட்டது. அதை அவரே தலையில் சுமந்து கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போகவேண்டுமென்று உத்தரவு. எந்த வைத்தியரும் நோயாளியின் கையைத் தொடுமுன்பே கூலியைச் சொல்லிவிடவேண்டுமென்றும் நாடெங்கும் பறையறைந்தார்கள்.

அரசன் சபையில் தலைகுனிந்தான். "கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். நான் ஒரே கடையில் ஏரியைக் கொடுக்கப் பார்த்தேன்" என்று சொல்லி, தன் வைர மோதிரத்தைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான்.

திருவேகம்பர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்றைக்கு வேண்டாம் அரசே. வெயிலில் ஓடியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது, இனிமேல்தான் வைத்தியரிடம் போகவேண்டும்."