உப்பு விளையுமா?

விளைநிலத்தில் பாடுபடுகிறவர்களை யாரும் கிளப்பக்கூடாது என்பது அந்தக் கடலோர ஜமீனின் சட்டம். ஜமீன்தாருக்கோ உப்பளத்தில் மாளிகை கட்ட ஆசை. அதற்கு ஒரு வழி சொல்லும்படி அவர் கேட்டதும் ஆஸ்தான வித்துவான் திருவேங்கடம், கறுப்புப் பட்டுச் சட்டையும் குடையும் நாலு பேர் சுமக்கும் அகராதியுமாக உப்பளத்தில் வந்து இறங்கினார்.

"விதை முளைத்துக் கதிர் முற்றினால்தான் விளைதல். உப்புக்கு ஏது விதை? அது நீங்கள் செய்வது. பொழுது சாய்வதற்குள் கிளம்புங்கள்."

உப்பு வாரிக்கொண்டிருந்த பிச்சைக்கனி நிமிர்ந்தாள். "நாங்க தண்ணி பாய்ச்சுதோம், அம்புட்டுதான் சாமி. உப்பு தானா விளையுது. இல்ல, நாங்கதான் செய்யிதோம்னா, எந்த நிமிஷத்துல செய்யிதோம்னு பார்த்துச் சொல்லுங்க. சொன்னதும் கிளம்பிடுதோம். குடையை மட்டும் மடக்கிடுங்க, நிழல் பட்டா விளையாது."

வித்துவான் பாத்திக்கரையில் கண் கொட்டாமல் உட்கார்ந்தார். காலையில் தண்ணீராக இருந்தது. உச்சிப்பொழுதில் ஜவ்வரிசி மாதிரி ஏதோ மிதந்தது. சாயங்காலம் பாத்தி முழுக்க உப்பு. எந்த நிமிஷம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

ஜமீன்தார் வந்தார். "யார் செய்தது, ஓய்?"

"எவரோ செய்திருக்கத்தான் வேண்டும்" என்று வித்துவான் முனகினார்.

"அப்ப இதையும் கேளுங்க எசமான்" என்று பிச்சைக்கனி வித்துவானுடைய முதுகைக் காட்டினாள். வியர்வை காய்ந்து கறுப்புப் பட்டு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. "இதை யாரு செஞ்சா?"

ஜமீன்தார் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நன்றாகத்தான் விளைந்திருக்கிறது, ஓய்" என்று சொல்லிவிட்டு, மாளிகைக்கு வேறு இடம் பார்க்கப் போனார்.