அவள் சொல்ல இருந்தது

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தால் வாசலிலேயே நாலு பேரிடம் ஊர் நியாயம் பேசிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அன்றைக்குத் தலை நிமிரவில்லை. செருப்பைக் கழற்றியவர் நேரே மடத்துச் சாமியார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

சாமி இவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனசில் கிடப்பதையெல்லாம் இவர் கொட்டுகிற ஒரே இடம் அதுதான்.

"சாமி, ஒரு தப்பு பண்ணிட்டேன். என் மக பவதாரணி..."

"தெரியும்," என்றார் சாமி. "நேத்து உங்க வீட்டம்மா வந்து எல்லாம் சொன்னாங்க."

ஆவுடையப்பன் பஸ்ஸில் வரும்போது எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார். எல்லாம் வீண்.

"என்ன சொன்னா?"

"மகளுக்குத் தெரியாம அவ போன்ல நீங்க ஒரு ஆப் போட்டீங்களாம். அவ எதை டைப் பண்ணினாலும் உங்க போனுக்கு வந்துருமாம். டாக்டருக்குப் படிக்க இஷ்டமில்லை, ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட நானே சொல்லப்போறேன்னு சிநேகிதிக்கு எழுதியிருந்தாளாம். நீங்க அதுக்கு முன்னாடியே..."

"நல்ல எண்ணத்துலதான் சாமி! பிள்ளை தவிக்காளேன்னு, 'இஷ்டமில்லன்னா விட்டுரு தாயி'ன்னு சாப்பிடும்போது சொல்லிட்டேன். திட்டலை. அதட்டக்கூட இல்லை."

"அவ என்ன செஞ்சா?"

"அதையும்தான் சொல்லியிருப்பாளே!"

"நீங்க சொல்லுங்க," என்றார் சாமி.

"தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சா. போனைக் கொண்டாந்து என் மடியில வச்சா. 'நீங்களே வச்சுக்கிடுங்கப்பா'ன்னா. அன்னையிலேருந்து பேச மாட்டேங்கா." அந்த முகத்தை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. "ஆப்பை எடுத்துட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன். அவளை எப்படிப் பேச வைக்கிறதுன்னு கேட்கத்தான் வந்தேன்."

கொஞ்சம் நிறுத்தினார். அடக்க முடியவில்லை.

"ஆனாலும் என் வீட்டுக்காரி சொன்னதை நீங்க கேட்டிருக்கக் கூடாது சாமி. இதை என் வாயால நானே சொல்லணும்னு வந்தேன்."

சொன்ன பிறகுதான் அது மகளின் வார்த்தையாக அவர் காதில் விழுந்தது. எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கேட்டிருக்கக் கூடாதுதான்," என்றார் சாமி. "அவரே வரட்டும்னு உங்க வீட்டம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கணும். என்ன விஷயம்னு தெரிஞ்சுக்கிற குறுகுறுப்பு எனக்கும் இருந்துது."

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். சாமியின் தலையும் குனிந்திருந்தது.

"இனிமே ஏதாவதுன்னா என்கிட்ட வருவீங்களா?"

வருவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தெரியலை சாமி. கொஞ்ச நாள் போகட்டும்."

"போகட்டும்," என்றார் சாமி. "நான் இங்கதான் இருப்பேன். நீங்க வரலைன்னாலும், ஆள் விட்டு விசாரிக்க மாட்டேன்."