ஆள்காட்டிக் குருவியின் சுண்டல் வண்டி

காட்டுக் குளத்தின் கரையில் கூவாண்டி என்றோர் ஆள்காட்டிக் குருவி காவல் வேலை பார்த்துவந்தது. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் புள்ளிமான் கூட்டம்தான் அதற்கு முதலாளி. கரையின் உச்சிக் கல்லில் கூவாண்டி நிற்கும். சிறுத்தையின் வால்நுனி புதரில் அசைந்தால் போதும். "தித்தித்தூ! தித்தித்தூ!" என்று காடு அதிரக் கத்தும். மான்கள் நாலுகால் பாய்ச்சலில் ஓடித் தப்பிவிடும்.

ஆள்காட்டிக்கு வாய்த்தது அந்த ஒரே குரல்தான். பேச்சென்றால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே கேட்கும். தூரத்துக்கு எட்ட வேண்டுமென்றால் அந்தத் தித்தித்தூ ஒன்றுதான்.

கூலி என்ன தெரியுமா? மான்கள் மேயும்போது குளம்பு பட்டு மண் புரளும். அதில் நெளியும் புழு பூச்சியைக் கூவாண்டி பொறுக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் அது போதும். கோடையிலோ தரை பாறையாய் இறுகிப்போனது. குளம்பு பட்டால் புழுதிதான் பறந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அதன் மனைவி மஞ்சக்காலி நாலு முட்டை இட்டிருந்தது. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கரையோரத்துச் சரளைக் கற்களுக்கு நடுவே, வெட்டவெளியில்தான் முட்டையிடும். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் மஞ்சக்காலி நாள் முழுக்க இறக்கையை விரித்து நிழல் கொடுத்தது. இரை தேடிப் போக அதற்கு வழியில்லை. புருஷன் கொண்டுவந்தால்தான் உண்டு. புருஷனிடமோ ஒன்றும் இல்லை.

"என்னங்க, எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வருது!" என்றது மஞ்சக்காலி. "நான் எழுந்திரிச்சுப் போனா முட்டை போயிரும். போகலைன்னா நான் போயிருவேன்."

கூவாண்டி அங்கே நிற்கவில்லை. நேரே மான் கூட்டத்தின் தலைவர் கொம்பையாவிடம் ஓடியது.

"ஐயா, கூலியைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு தடவை ஈரச்சேத்துல குளம்பாலக் கிளறிட்டுப் போனாப் போதும். நாங்க ரெண்டு பேரும் பொழைச்சுக்குவோம்!"

கொம்பையா அசைபோட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "சேத்துல கிளறணுமா? என் குளம்பு என்னத்துக்கு ஆகும்! உனக்கு என்னப்பா அப்படி வேலை? கத்துற. கத்துறதெல்லாம் ஒரு வேலையா? சிறுத்தை இந்தப் பக்கம் தலைகாட்டி எத்தனை மாசம் ஆச்சு!"

"நான் கத்துறதாலதானே ஐயா அது வரலை!"

"அதை யார் கண்டா?"

காவல்காரன் ஒழுங்காக வேலை செய்தால் அவன் வேலை செய்வதே யார் கண்ணிலும் படாது. கூவாண்டி கூட்டுக்குத் திரும்பி நடந்தது.

வழியில் ஓர் இலுப்பை மரம். அடியில் பூக்கள் கொட்டிக் கிடந்தன. பாறைச் சூட்டில் வதங்கி, தேன்பாகு வாசனை வந்தது. கூவாண்டி நின்றது. குளத்துக்கு அந்தப் பக்கம் உவர்மண் இருக்கிறது. மான்களுக்கு இனிப்பும் உப்பும் என்றால் உயிர். பூவை வதக்கி, உவர்மண்ணைத் தூவிக் கலந்தால்?

குரங்குகள் குடைந்து தின்றுவிட்டு வீசிய நுங்குக் காய்கள் இரண்டை எடுத்துக் குச்சியில் கோத்தது. நுங்கு வண்டி தயார்! மேலே ஓர் ஓலைத் தட்டு. தட்டில் இலுப்பைப்பூச் சுண்டல். ஒரு வாய் சுண்டல் தின்றால், பதிலுக்கு ஈரச்சேற்றில் ஒரு தடவை கிளறித் தர வேண்டும். அதுதான் விலை.

"காவல் வேலையை விட்டுரப் போறீங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டது மஞ்சக்காலி.

"விடுவேனா! அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. காலையிலயும் சாயங்காலமும் காவல். உச்சிவெயில்ல எல்லாரும் நிழல்ல படுத்துக் கிடப்பாங்கல்ல, அப்போ வண்டி!"

அன்று உச்சிவேளையில் கூவாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மர நிழலோரம் நிறுத்தியது. ஒரு மான்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா நின்றால் யார் வருவார்கள்? வியாபாரம் என்றால் கூவ வேண்டாமா? கூவாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு கூவியது.

"தித்தித்தூ! தித்தித்தூ!"

அவ்வளவுதான்! கூட்டம் விழுந்தடித்து ஓடியது. வண்டி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். வெகுநேரம் கழித்துக் கொம்பையா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"எங்கடா சிறுத்தை?"

"சிறுத்தை இல்லீங்க ஐயா… சுண்டல்!"

கொம்பையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கொம்பைத் தாழ்த்தி முட்ட வந்தார். தாழ்த்திய மூக்குக்கு நேரே சுண்டல் சிதறிக் கிடந்தது. ஒரு நக்கு நக்கினார். இன்னொரு நக்கு. கோபம் சுண்டலோடு சேர்ந்து தொண்டையில் இறங்கிவிட்டது.

"சரி, கடை போட்டுக்கோ. நான் அனுமதி தர்றேன். ஆனா தினமும் முதல் வாய் எனக்கு. சேத்தைக் கிளறு, மண்ணைக் கிளறுன்னு என்கிட்ட மட்டும் கேக்கக் கூடாது!"

"ஆகட்டுங்க ஐயா. சத்தத்துக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியலை. எனக்கு இருக்கிறது இந்த ஒரு குரல். விட்டு விட்டுக் கத்தினா சுண்டல், விடாமக் கத்தினா சிறுத்தைன்னு வச்சுக்குவோமா?"

"அதையெல்லாம் கவனிச்சுக்கிட்டா ஓட முடியும்? போப்பா! வராத சிறுத்தைக்கு ஒரு குரல் எதுக்கு? இனிமே சத்தம் கேட்டா சுண்டல். சிறுத்தை வந்தா நீ பறந்து வந்து என் காதுல சொல்லு. தீர்ந்தது விஷயம்!"

கூவாண்டிக்கு மனசு உறுத்தியது. தப்பு என்று அதற்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் சரளைக் கல்லில் சுருண்டு கிடக்கும் மஞ்சக்காலியை நினைத்தது. "சரிங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டது.

வியாபாரம் சூடு பிடித்தது. "தித்தித்தூ" என்று கேட்டதுமே மான்கள் ஓடிவந்து வண்டியைச் சுற்றி மொய்த்தன. குட்டிகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"அண்ணாச்சி பொய்யா சொல்றாரு? தித்தித்தூன்னா தித்திக்குதுன்னு அர்த்தம்!" என்று அவை துள்ளின.

ஈரச்சேறு தினமும் கிளறப்பட்டது. புழுக்கள் புரண்டு புரண்டு வந்தன. மஞ்சக்காலிக்கு உடம்பு தேறியது. கூவாண்டியின் நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

உச்சிவேளை வியாபாரம் போதாமல் போனது. காலையிலும் கேட்டார்கள், மாலையிலும் கேட்டார்கள். நுங்கு வண்டியை உச்சிக் கல்லுக்கு ஏற்ற முடியுமா? கூவாண்டி கீழே இறங்கிவிட்டது. காவல் நேரத்திலும் அதன் கண் தட்டிலேயே இருந்தது. கொம்பையா தினமும் முதல் வாய் தின்றார். காவல் எங்கே என்று கேட்கவே இல்லை.

கேட்டது மஞ்சக்காலி மட்டும்தான்.

"என்னங்க, பாத்தீங்களா? முன்னாடியெல்லாம் உங்க சத்தம் கேட்டா மானுங்க ஓடிப் போகும். இப்போ ஓடி வருதுங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்குது. ஒரே தொண்டையை ரெண்டு வேலைக்கு விடாதீங்க!"

"தொண்டை நம்மளோடதுதானே!" என்று சிரித்தது கூவாண்டி. "குஞ்சு பொரியட்டும். அன்னைக்கே வண்டியை ஓரங்கட்டிர்றேன்."

மஞ்சக்காலியைத் தவிர இன்னொருத்தரும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். மூங்கில் புதருக்குள் சிறுத்தை.

அந்தக் குரலால் அது பட்டினி கிடந்த காலம் உண்டு. இப்போது காதை விறைத்துக்கொண்டு கேட்டது. குரல் எழும்புகிறது. மான்கள் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. சிறுத்தை நாக்கைச் சப்புக்கொட்டியது.

"அட! எனக்குச் சாப்பாட்டு மணி அடிக்க ஒருத்தன் வேலைக்கு வந்திருக்கான்யா!"

ஒருநாள் காலை. கூவாண்டி சுண்டலைக் கலந்துகொண்டிருந்தது. மான்கள் தூரத்து மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. வண்டிக்குப் பக்கத்திலிருந்த கோரைப்புல்லில் ஏதோ சலசலப்பு. திரும்பிப் பார்த்தது. மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி, பச்சைக் கண் இரண்டு!

கூவாண்டி துள்ளிப் பின்வாங்கியது. பழக்கம் விடுமா? தன்னை அறியாமலே கத்தியது.

"தித்தித்தூ! தித்தித்தூ!"

மேட்டில் மான்கள் தலையைத் தூக்கின. உடனே பாய்ந்து வந்தன. கோரைப்புல்லை நோக்கி! குட்டிகள் எல்லாருக்கும் முன்னால்!

"ஐயோ!" என்று துடித்தது கூவாண்டி. இன்னும் உரக்கக் கத்தியது. உரக்கக் கத்தக் கத்த அவை இன்னும் வேகமாக ஓடிவந்தன.

பறந்துபோய்க் கொம்பையாவின் காதோரம் முட்டியது. சொல்ல வாயைத் திறந்தது. பயத்தில் பேச்சு வரவில்லை. தித்தித்தூதான் வந்தது.

"தெரியும்ப்பா! அதான் வர்றோமே! முதல் வாய் எனக்கு!" என்று கொம்பையா தலையைச் சிலுப்பி அதைத் தள்ளிவிட்டார்.

குட்டிகளின் முகத்தில் இறக்கையால் அடித்தது. "இன்னைக்கு அண்ணாச்சிக்கு வியாபார வெறி!" என்று ஒரு குட்டி சிரித்தது. சிரித்தபடியே எல்லாருக்கும் முந்தி வண்டியிடம் வந்தது. சிறுத்தை பாய்ந்தது. அந்தக் குட்டியின் சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகுதான் கூட்டம் திரும்பியது. கண்மண் தெரியாமல் திரும்பியது. முன்பெல்லாம் சிறுத்தை தூரத்தில் இருக்கும்போதே குரல் கேட்டுவிடும். மான்கள் மேட்டுப் பக்கம் வழி பார்த்து ஓடும். இன்றோ சிறுத்தை நடுவில் நிற்கிறது. வழி பார்க்க யாருக்கு நேரம்? கால் போன பக்கம் கரையோரமாக ஓடின. கரையோரம் முழுக்கச் சரளைக் கல்.

மஞ்சக்காலி முட்டைகளின் முன்னால் இறக்கையை விரித்து நின்று கத்தியது. ஒரு மானும் விலகவில்லை.

புழுதி அடங்கியபோது மஞ்சக்காலி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. ஓர் இறக்கை தொங்கியது. சரளைக் கற்களுக்கு நடுவே ஓட்டுத் துண்டுகளும் ஈரமும்தான் மிச்சம்.

"காலையிலதாங்க உள்ளேருந்து அலகால தட்டுற சத்தம் கேட்டேன்," என்றது மஞ்சக்காலி. "நீங்க வியாபாரம் முடிச்சு வரட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

கூவாண்டியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கொம்பையா கூட்டத்தைக் கூட்டினார். குட்டியை இழந்த தாய்மான் ஒரு பக்கம் அழுதுகொண்டிருந்தது. கொம்பையா கொம்பை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"காவல் வேலையில இருந்துக்கிட்டே கடை போட்ட துரோகி இவன்! நம்ம குட்டியைக் கொன்னவன் இவன்!"

"ஐயா, நீங்கதானே அனுமதி குடுத்தீங்க! சத்தம் கேட்டா சுண்டல்னு நீங்கதானே சொன்னீங்க!"

"நானா? எப்போ?"

கூவாண்டி சுற்றிலும் பார்த்தது. அத்தனை மான்களின் வாயிலும் முந்தின நாள் தின்ற சுண்டலின் மணம் இன்னும் இருந்தது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

கூவாண்டிக்கு வேலை போனது. புதுக் காவலாக மயிலை வைத்தார்கள். மயில் கறாராகப் பேசியது. ஒவ்வொரு மானும் தினமும் ஈரச்சேற்றில் இரண்டு தடவை கிளறித் தர வேண்டும் என்றது. "ஆகா, காவல்னா சும்மாவா!" என்று கொம்பையாவே முதலில் போய்ச் சேற்றில் குளம்பை வைத்தார். கூவாண்டி கேட்டதோ ஒரு தடவை.

மஞ்சக்காலியை மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு கூவாண்டி குளத்தின் அடுத்த கோடிக்குப் போனது. யாரும் இல்லாத இடத்தில் இரண்டும் உட்கார்ந்தன. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் கூவாண்டியின் நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. ஆள்காட்டிக்கு அழுகைக்கென்று தனிக் குரலா இருக்கிறது?

"தித்தித்தூ… தித்தித்தூ…"

புதரை விலக்கிக்கொண்டு இரண்டு மான்குட்டிகள் ஓடிவந்தன. ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. கண்ணில் ஆசை மின்னியது.

"அண்ணாச்சி! இங்கதான் கடையா? சுண்டல் இருக்கா?"

ஆபத்துக்கென்று வைத்திருந்த குரலைக் கூவி விற்கக் கொடுத்துவிட்டால், பிறகு உயிர் போகிறதென்று கத்தினாலும் பிள்ளை போனதென்று அழுதாலும், அது வியாபாரமாகத்தான் பிறர் காதில் விழும்!