பிரித்துச் சொல்

அந்த மடத்தில் இரண்டே பேர். குரு சிற்றம்பலச் சுவாமிக்கு நாற்பது வயது. சீடர் நல்லபெருமாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துச் சீடரின் காலில் விழுவார்கள். "தப்பான கடையில் விசாரிக்கிறீர்கள்" என்று குரு உள்ளேயிருந்து சிரிப்பார்.

மடத்தை ஒட்டி ஒரு கூரைப் பள்ளி. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். சொற்களைப் பிரிக்கக் கற்பிப்பதில் நல்லபெருமாளுக்கு ஈடில்லை. சொல்லுக்கு வேராக நிற்பது பகுதி, வாலாக ஒட்டுவது விகுதி, நடுவில் காலம் காட்டுவது இடைநிலை. ஆறு வயதுப் பிள்ளைகூட மடமடவென்று பிரித்துக் கொடுக்கும்.

அதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பள்ளிக்குள் யார் எதைச் சொன்னாலும் அதிலுள்ள வினைச்சொல்லைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அவர் காது கொடுப்பார். தண்ணீர் கேட்டாலும் அப்படித்தான். அவசரமாக வெளியே போக வேண்டிய பையன் ஒருவன் "போகிறேன்" என்பதைப் பிரித்து முடிப்பதற்குள் நின்ற இடத்தை நனைத்துவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லபெருமாள் சிரிக்கவில்லை. "விகுதியை விட்டுவிட்டாய்" என்றார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. சூளைக்கு மண்ணெடுத்த பள்ளமெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தது. பூவாயி என்ற ஒன்பது வயதுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா, தம்பி மண்ணெடுத்த பள்ளத்துல விழுந்துட்டான்!"

நல்லபெருமாள் ஏட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "விழுந்தான். பிரி."

"ஐயா, தம்பி..."

"பிரி."

அவள் கைகட்டி நின்றாள். "விழு, பகுதி. த், சந்தி. அது ந் ஆனது..."

"ஆனது?"

'விகாரம்' என்ற சொல் அவளுக்கு மறந்துபோயிற்று.

"மறுபடி. முதலிலிருந்து."

அவள் மறுபடி தொடங்கினாள். அதற்குள் வெளியே அலறல் கேட்டது. அவளுடைய தாய் அஞ்சலை, செங்கல் அறுத்த சேற்றுக் கையோடு பள்ளத்தில் குதித்து, பையனின் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். குப்புறக் கவிழ்த்து முதுகில் அறைந்தாள். நெடுநேரம் கழித்து அவன் இருமினான். பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பூவாயி வாய் திறக்கவில்லை.

குரு கோபப்பட்டு நல்லபெருமாள் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார். குரு பள்ளியின் படலை இழுத்துச் சாத்திக் கயிற்றால் கட்டினார்.

"சட்டத்தில் தவறில்லை, சுவாமி." நல்லபெருமாளுக்கும் கோபம். "சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் வாய் திறக்காதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

"யாருக்குச் சொன்னேன்?"

"எனக்கு."

"உம்முடைய வாய்க்குச் சொன்னேன். அதை அவள் வாயில் கொண்டுபோய்த் திணித்திருக்கிறீர்."

"பதினைந்து வருஷமாகக் கற்பிக்கிறேன். ஒரு நாள் தவறியதற்குப் பள்ளியை மூடுவதா?"

"ஒரு நாளா? தம்பி மூழ்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் கைகட்டி நின்றாளே. அது ஒரு நாளில் வருகிற பழக்கமா?"

நல்லபெருமாள் மடத்துக்குள் போய்விட்டார். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பள்ளியை எப்போது திறப்பீர்கள்?"

"அந்தக் குழந்தையிடம் போய்க் கேளும்."

சூளையில் அஞ்சலை மரச்சட்டத்துக்குள் மண்ணை அறைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"இப்ப என்னத்தப் பிரிக்க வந்தீங்க சாமி? ஆத்தாளயும் புள்ளயையுமா?"

"குழந்தையிடம் ஒரு வார்த்தை..."

"வார்த்தையா? எல்லாத்தையும் நீங்களே புடுங்கி வச்சிக்கிட்டீங்க. அவகிட்ட ஏது வார்த்தை?"

பூவாயி செங்கல் அடுக்கின் நிழலில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லபெருமாள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சில் கால்வாசிகூட வரவில்லை.

"தப்பு செய்துவிட்டேன். மன்னித்துவிடு, அம்மா."

அவள் அவரையே பார்த்தாள். குரல் கரகரவென்று வந்தது.

"பிரிச்சுச் சொல்லுங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரிப்பார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்க! பகுதி என்ன? சொல்லுங்க!" கையில் அகப்பட்ட மண்கட்டியை எடுத்து அவர் மார்பில் எறிந்தாள். "அவன் கையி மட்டும் வெளிய தெரிஞ்சுச்சு. எனக்கு நீச்சல் தெரியாது. நீங்க நெட்டையா இருக்கீங்க, எட்டிப் புடிப்பீங்கன்னு ஓடியாந்தேன். மறுபடிங்கிறீங்க! நானும் சொல்றேன்! எந்தம்பி செத்துக்கிட்டு இருக்கான், நானும் சொல்றேன்! ஏன் என்னையச் சொல்ல வச்சீங்க? நான் ஏன் சொன்னேன்?"

அஞ்சலையின் கை நின்றது.

பூவாயி சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கத்தினாள், அழுதாள், இன்னொரு மண்கட்டியை எறிந்தாள், மறுபடி சொன்னாள். நல்லபெருமாள் எழுந்திருக்கவில்லை. அவள் ஓய்ந்து தம்பியின் மேல் சாய்ந்த பிறகுதான் எழுந்தார்.

குரு மடத்து வாசலிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இன்னும் ஆறவில்லை.

"பேசினாளா?"

"பேசினாள்."

"பள்ளியைப் பற்றிக் கேட்டீரா?"

"கேட்க மறந்துவிட்டேன்."

குரு சீடரின் மார்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"அவள் பேசியதில் எத்தனை பிழை?"

நல்லபெருமாள் விழித்தார்.

"கவனிக்கவில்லை, சுவாமி."

"போய்ப் படலை அவிழ்த்துவிடும்" என்றார் குரு.