நல்லா விசாரிங்க, ஆபீசர்

சபாரத்தினம் நூற்பாலை ஒன்றில் முப்பது வருஷம் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் வந்து சேர்ந்துவிட்டார். அவர் வேலையை விட்டாரே தவிர, அதிகாரி அவரை விடவில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்தே, இவன் அடிக்கடி லீவு போடுவான், இவன் வாய் பேசுவான் என்று மனசுக்குள் தரம் பிரித்துவிடுவார். பழக்கம் லேசில் போகுமா?

அவருடைய குருவின் பெயர் சுந்தரவடிவு அம்மா. அம்மா என்றதும் வயதில் மூத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். சீடரைவிடப் பத்து வயது இளையவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. சபாரத்தினத்தை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஆபீசர்" என்பார். அதில் கேலி இருப்பது சபாரத்தினத்துக்குத் தெரியும். பிரியம் இருப்பதும் தெரியும் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

ஆசிரமத்தின் அன்னக்கூடத்தில் தினமும் மதியம் இரண்டு பந்தி நடக்கும். மலை ஏறுகிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், வழிப்போக்கர்கள், யார் வந்தாலும் இலை உண்டு. அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நறுமுகை என்கிற பெண் வந்திருந்தாள். பட்டப்படிப்பு முடித்தவள். தோளில் ஒரு துணிப்பை, கையில் விண்ணப்பமும் சான்றிதழ்களும் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறை.

"ஆபீசர், அந்தப் பொண்ண நல்லா விசாரிங்க" என்றார் அம்மா.

சபாரத்தினத்துக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருஷமாக ஆசிரமத்தில் இலை நறுக்கினார், வாசல் பெருக்கினார். இன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கவலையே படாதீங்கம்மா. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். பேச ஆரம்பிச்சா ஆள் யாருன்னு சொல்லிடுவேன்."

அம்மா சிரித்துக்கொண்டே பூசணிக்காய் அரியப் போனார்.

அலுவலக அறையில் சபாரத்தினம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நறுமுகை எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சமூக சேவை நிறைய செஞ்சிருக்கேன்னு போட்டிருக்க. வெள்ள நிவாரண முகாம். அங்க உன் பொறுப்பு என்ன?"

"செருப்பு பாத்துக்கிட்டேன் சார்."

"செருப்பா?"

"ஆமா சார். ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்தவங்க. எல்லாம் சேறு, எல்லாம் ஒரே மாதிரி செருப்பு. காலையில ஒத்தச் செருப்பக் காணோம்னு அழுகை, சண்டை. வீடே போயிருச்சு, அதுக்கு அழல சார், செருப்புக்கு அழுதாங்க. அதான், கழுவி ஜோடி சேத்து குடும்பம் குடும்பமா அடுக்கி வெச்சேன்."

சபாரத்தினம் உதட்டைச் சுழித்தார்.

"ரத்ததான முகாம். எத்தனை தடவை ரத்தம் குடுத்திருக்க?"

"குடுக்கல சார். எடை பத்தலன்னு எடுத்துக்கலை. பயந்தவங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"முதியோர் இல்லம்?"

"சீட்டு விளையாண்டேன் சார். கழுதை ஆட்டம்."

"ஜெயிச்சியா?"

"அதெப்படி சார்? ஒரு தாத்தா சீட்ட ஒளிச்சு வெச்சுக்குவார். தெரியாத மாதிரி இருந்துருவேன். ஏமாத்திட்டோம்னு அவருக்கு அம்புட்டு சந்தோஷம். மறுநா சோறு கூட ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டாருன்னு சொன்னாங்க."

சபாரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி அதை அடக்கினார்.

"இதுல எதுக்காவது நீ தலைமை தாங்கியிருக்கியா?"

"இல்ல சார்."

"சரி. தனிப்பட்ட சாதனைன்னு ஒண்ணு போட்டிருக்க. சைக்கிள் போட்டி, முதல் பரிசு. எத்தனை மைல்?"

"மைல் எல்லாம் இல்ல சார். பொங்கலுக்கு வெப்பாங்களே, மெதுவா ஓட்டுற சைக்கிள் போட்டி. கால் ஊனாம கடைசியா வரணும். எவர்சில்வர் குடம் குடுத்தாங்க."

"கடைசியா வந்ததுக்குப் பரிசு?"

"ஆமா சார்" என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

இந்த இடத்தில் சபாரத்தினம் பேனாவை மூடினார். பேனா மூடினால் என்ன அர்த்தம் என்று நூற்பாலையில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். நறுமுகைக்கும் தெரிந்துவிட்டது.

"சார், அப்பா சொல்லிட்டாரு. இந்த வேலை இல்லைன்னா திங்கக்கிழமை திருப்பூர்ல பனியன் கம்பெனியில சேத்து விட்டுருவேன்னு. எனக்கு மிஷின் சத்தத்துல தலை சுத்தும் சார். இந்த மாதிரி நாலு பேர் வந்து போற இடம்னா உசிரக் குடுத்துப் பாப்பேன்."

"தெரியப்படுத்துறோம்மா" என்றார் சபாரத்தினம். உலகத்தில் வேலை தேடிய எல்லோருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

அவர் நேராகச் சமையற்கட்டுக்குப் போனார்.

"தேறாதும்மா. நல்ல பொண்ணு, சூது வாது இல்லை. ஆனா இது பெரிய பொறுப்பு. செருப்பு அடுக்கினேன், சீட்டாட்டத்துல தோத்தேன், சைக்கிள்ல கடைசியா வந்தேங்கிறா."

"நல்லா விசாரிச்சீங்களா?"

"முக்கால் மணி நேரம். ஒரு பானை சோத்துக்கு..."

"சோத்தப் பத்திப் பேசவும் ஞாபகம் வருது. எந்த பஸ்ல வந்தாளாம்?"

"விடியக்காலை முதல் பஸ்ஸுன்னு சொன்னா."

"சாப்பிட்டாளா?"

"அதக் கேக்கலம்மா" என்றார் சபாரத்தினம்.

"தண்ணியாச்சும் குடிச்சாளா?"

அவர் மேசையில் இருந்த செம்பை நினைத்துப் பார்த்தார். அதில் தண்ணீர் இருந்தது. பேட்டியின் நடுவே அவர் மட்டும் இரண்டு முறை குடித்திருந்தார்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்தார். "உங்க வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிக்கிறதுன்னு ஒண்ணு செய்வீங்களா, மாட்டீங்களா?"

"செய்வோம். வீட்டுப் பெரியவர் பந்தியில ஒவ்வொரு இலையா நின்னு, அது வந்துச்சா, இது வேணுமான்னு கேட்டுட்டுப் போவார்."

"அப்படிப் போறப்ப, நீங்க எந்த ஊரு, என்ன படிச்சிருக்கீங்க, எதுக்குத் தலைமை தாங்கினீங்கன்னு கேப்பாரா?"

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"நான் சொன்ன விசாரணை அது. நீங்க செஞ்சது போலீஸ் ஸ்டேஷன் விசாரணை."

சபாரத்தினத்துக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டார். "அப்ப, ஒரு ஆளோட குணத்த எத வெச்சும்மா கண்டுபிடிக்கிறது?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பிள்ளையச் சாப்பிடக் கூப்பிடுங்க."

அலுவலக அறையில் நாற்காலி காலியாக இருந்தது. பிளாஸ்டிக் உறையையும் காணோம்.

"பஸ்ஸுக்குன்னு போயிருச்சு சாமி, அந்தப் பிள்ள" என்றார் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி.

சபாரத்தினம் ஓடினார். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர், நிற்கிற நிலையிலே ஆளை அளக்கிற அந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் தலைதெறிக்க ஓடினார். செருப்பு போட மறந்தே போனார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், ஆசிரமத்தில் தீப்பிடித்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். ஓட ஓட, அந்தப் பெண்ணை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டோமே என்று சபாரத்தினத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வேலை கொடுப்பதும் கொடுக்காததும் வேறு விஷயம்.

தார்ச்சாலைக்கு வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. நறுமுகை ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். சபாரத்தினம் கையை ஆட்டினார். கூப்பிடக் குரல் வரவில்லை. புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். படியிலிருந்து காலை எடுத்தாள்.

"ஏறுறியாம்மா, இல்லையா? அடுத்த வண்டி சாயங்காலந்தான்" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்கண்ணே. சாருக்கு முடியல."

விசில் சத்தம் கேட்டது. பஸ் போய்விட்டது. சபாரத்தினம் சைகையால் வேண்டாம் வேண்டாம் என்றார். அவர் எதற்காக ஓடி வந்தார் என்றே அவளுக்குத் தெரியாது. துணிப்பையைத் தரையில் விரித்து அவரை உட்காரவைத்தாள். எதிரே இருந்த பெட்டிக்கடையில் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

"மெதுவா, மெதுவா குடிங்க சார். எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. காலையில மாத்திரை ஏதும் போடுவீங்களா? போட்டீங்களா? சாப்பிட்டீங்களா, இல்லையா?"

சபாரத்தினம் அவளையே பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட அவரை இப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி அவர் இருந்ததும் இல்லை. சந்தோஷமா வெட்கமா என்று தெரியாமல் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றார். மூச்சு திரும்பியதும் முதலில் வந்த சொல் அதுதான்.

"இல்ல சார்" என்று சிரித்தாள். "பசி உசிரு போகுது."

இருவரும் திரும்பி நடந்தார்கள். முள் குத்தாத ஓரமாக அவரை நடக்கவிட்டு அவள் மேட்டில் நடந்தாள். வழி நெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். இறந்துபோன மனைவி வைத்த புளிக்குழம்பு, வெளியூரில் இருக்கிற மகன், குளிர்காலத்தில் வலிக்கிற இடது முழங்கால், யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. அவள் "அப்புறம் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்னக்கூடத்தில் இரண்டாம் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. பஸ் போன சத்தத்தை முன்பே கேட்டிருந்த அம்மா, ரச வாளியோடு நின்றிருந்தார். சபாரத்தினத்தின் செம்மண் அப்பிய வெறுங்காலைப் பார்த்தார், வியர்வையில் நனைந்த சட்டையைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்தார்.

"அம்மா, இவளையே எடுத்துக்கலாம்" என்றார் சபாரத்தினம்.

நறுமுகை இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள். பந்தியில் இருந்த ஒருவர் காரணம் தெரியாமலே கை தட்டினார்.

"எத வெச்சு? புதுசா ஏதும் சர்டிபிகேட் காட்டினாளா?"

"இல்லம்மா."

"தலைமை தாங்கினாளா?"

"இல்லம்மா." சபாரத்தினம் சின்னப் பையனைப் போலச் சிரித்தார். "முப்பது வருஷம் ஆள் எடுத்தவன் நான். இவள எத வெச்சு எடுத்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

அம்மாவின் சிரிப்பில் ரச வாளி குலுங்கியது.

"நீங்க எங்க எடுத்தீங்க, ஆபீசர்? வந்த பஸ்ஸ விட்டுட்டு அவ இல்ல உங்கள எடுத்திருக்கா. ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வந்து உக்காருங்க."